வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு மனக்கணக்கு: வாய்பாட்டிலிருந்து தொடங்கலாமா?

கேள்வி: 9 ஜூன் 2024

என் மகளுக்கு ஆறு வயது நிறைந்துவிட்டது. பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். நூறு வரை சொல்வாள், எழுதுவாள். ஆனால் எட்டும் ஐந்தும் எத்தனை என்று கேட்டால் இன்னமும் விரல் விட்டுத்தான் எண்ணுகிறாள். எதிர்வீட்டுப் பையன் அபாகஸ் வகுப்புக்குப் போய், மூன்று இலக்க எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டுகிறான். முதலில் பதினாறாம் வாய்பாடு வரை மனப்பாடம் செய்ய வைத்துவிட்டால் மனக்கணக்கு தானாக வந்துவிடும் என்று நினைக்கிறேன். வீட்டுக்கல்வியில் பிள்ளைகளை வளர்ப்பவர்கள் இதை எப்படிச் செய்தீர்கள்?

பதில்: 10 ஜூன் 2024

தானாக வரும் என்ற நம்பிக்கையோடுதான் நானும் மூத்தவளுக்குத் தொடங்கினேன். அதனால் அவள் விஷயத்தில் நடந்ததை முதலில் எழுதுகிறேன். ஆறரை வயதில் அவள் பன்னிரண்டாம் வாய்பாடு வரை தங்குதடையின்றி ஒப்பித்தாள். எங்களுக்கு ஒரு மளிகைக் கடை உண்டு. ஒரு நாள் கல்லாவின் அருகில் உட்கார்ந்திருந்தவளிடம், ஏழு ரூபாய்ச் சோப்பு எட்டு எடுத்தால் எவ்வளவு என்று கேட்டேன். அவள் உதடுகள் அசையத் தொடங்கின. ஓரேழ் ஏழு, ஈரேழ் பதினாலு என்று அடியிலிருந்து படிப்படியாக ஏறி ஐம்பத்தாறில் வந்து நின்றாள். விடை சரிதான். அப்படியானால் ஒன்பது சோப்பு எவ்வளவு என்று கேட்டேன். மறுபடியும் ஓரேழிலிருந்து தொடங்கினாள். கையில் இருக்கிற ஐம்பத்தாறோடு இன்னும் ஓர் ஏழைச் சேர்த்தால் போதும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்த வாய்பாடு அவளிடம் பாட்டாக இருந்ததே தவிர, எண்களாக இருக்கவில்லை.

ஆகவே இளையவனுக்கு வாய்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் பத்திலிருந்து தொடங்கினேன். அவனுக்கும் இப்போது உங்கள் மகள் வயதுதான். பத்துப் புளியங்கொட்டைகளை எடுத்து, ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாகும்படி கல்லில் தேய்த்தோம். அவற்றைக் குலுக்கித் தரையில் போட வேண்டும். வெள்ளை ஆறு விழுந்தால் கறுப்பு நான்கு; வெள்ளை மூன்றென்றால் கறுப்பு ஏழு. முதல் வாரம் இரண்டு பக்கத்தையும் எண்ணினான். இரண்டாம் வாரம் வெள்ளையை மட்டும் எண்ணிவிட்டுக் கறுப்பை எண்ணாமலே சொன்னான். அதற்குப் பிறகு கொட்டைகளின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி, 'வெள்ளை எட்டு' என்று நான் சொன்னவுடன் 'இரண்டு' என்று சொல்லும் நிலைக்கு வந்தான். பத்தின் சோடிகள் இப்படிக் கைக்குள் வந்த பிறகு எட்டும் ஐந்தும் கடினமாக இருப்பதில்லை. எட்டு பத்தாவதற்கு இரண்டு வேண்டும், ஐந்திலிருந்து அந்த இரண்டை எடுத்துக்கொண்டால் மிச்சம் மூன்று, ஆகவே பதின்மூன்று. உங்கள் மகளுக்கு இன்று வேண்டியது இந்த ஒரு வழிதான் என்பது என் எண்ணம். பதினாறாம் வாய்பாடு காத்திருக்கலாம்.

11 ஜூன் 2024

விரல் விடுவதைத் தடுக்க வேண்டாம் என்பதை நேற்றே எழுதியிருக்க வேண்டும். விரலை ஒளித்து வைக்கச் சொன்னால் பிள்ளை எண்ணுவதை நிறுத்துவதில்லை. மேசைக்கு அடியிலும் பாவாடைக்குள்ளும் எண்ணுகிறது. எந்த வழியில் எண்ணுகிறது என்பது நமக்குத் தெரியாமல் போவதுதான் மிச்சம்.

விரலிலேயே ஒரு மாற்றம் செய்யலாம். நாம் எவராயினும் மூன்று நான்கு பொருள்கள் வரைதான் எண்ணாமல் கண்ணாலேயே அறிகிறோம். அதற்கு மேல் கண் தடுமாறிவிடும். ஒரு கை என்பது ஐந்து என்று பிள்ளைக்கு ஏற்கெனவே உறுதியாகத் தெரிந்திருப்பதால், ஏழு என்றால் ஒரு கையும் இரண்டு விரலும் என்று ஒரே மூச்சில் காட்டப் பழக்குங்கள். எட்டும் ஐந்தும் என்னும்போது எட்டுக்குள் இருக்கும் ஐந்தும் தனியாக இருக்கும் ஐந்தும் சேர்ந்து பத்தாகி, மூன்று மிஞ்சும். நான் நேற்றுச் சொன்ன வழிக்கு இது மாற்று வழி. இளையவன் இதைத்தான் விரும்பினான். இரண்டையும் காட்டுங்கள், எது பிடிக்கிறதோ அதை அவளே எடுத்துக்கொள்வாள்.

18 ஜூன் 2024

தமிழில் எண்ணச் சொல்வதா, ஆங்கிலத்தில் எண்ணச் சொல்வதா என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். மனக்கணக்குக்குத் தமிழே போதும் என்று தயக்கமில்லாமல் சொல்வேன். 'லெவன்', 'ட்வெல்வ்' என்ற சொற்களுக்குள் பத்து இருப்பது எந்தக் குழந்தைக்கும் கேட்காது. 'ஃபோர்ட்டீன்' என்பதில் நான்கு முன்னாலும் பத்து பின்னாலும் வருகின்றன. பதினொன்று, பதினான்கு, இருபத்து மூன்று என்பவற்றிலோ பத்துகள் முதலிலும் ஒன்றுகள் பிறகும், எழுதும் வரிசையிலேயே காதில் விழுகின்றன. எழுபதுக்குள் ஏழும் பத்தும் அப்படியே இருக்கின்றன.

இடறுகிற இடம் ஒன்றுதான், அது ஒன்பதின் குடும்பம். இளையவன் எண்பத்தொன்பது வரை சரியாக வந்து, தொண்ணூறு என்று சொல்லிவிட்டு, ஸ்லேட்டில் 9 போட்டு இரண்டு சுழியம் போட்டான். சொல்லுக்குள் நூறு கேட்கிறதே, அப்படியானால் இரண்டு சுழியம் வேண்டாமா என்று அவன் கேட்டது நியாயமான கேள்வி. ஒன்பதோடு பத்தைச் சேர்த்துத் தொண்ணூறு ஆக்குவதற்குத் தொல்காப்பியமே தனியாக விதி கூறியிருக்கிறது என்றால், ஆறு வயதுப் பிள்ளை திகைப்பதில் வியப்பில்லை. தொள்ளாயிரத்திலும் இதே சிக்கல் உண்டு. அங்கே ஆயிரம் கேட்கிறது.

இதைக் குறையாக நினைத்துத் திருத்திக்கொண்டே இருந்தேன். பிறகு ஒரு நாள் அதையே துணையாக்கிக்கொண்டேன். தொண்ணூறு அடுத்து வரப்போகும் நூறைக் காட்டி நிற்கிறது, தொள்ளாயிரம் ஆயிரத்தைக் காட்டி நிற்கிறது என்று சொல்லிக் கொடுத்தேன். அவ்வாறே ஒன்பதும் பத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்றவுடன் அவனுக்குப் பிடிபட்டது. ஒன்பதைக் கூட்டச் சொன்னால் பத்தைக் கூட்டி ஒன்றைத் திருப்பிக் கொடுக்கிறான். தொண்ணூறு என்றால் நூறைக் கூட்டிப் பத்தைத் திருப்பிக் கொடுக்கிறான். இலக்கணப்படி நான் கொடுத்த விளக்கம் சரியா என்பதைத் தமிழாசிரியர்கள் சொல்லட்டும். கணக்குப்படி அது இன்றுவரை அவனைக் கைவிடவில்லை.

2 ஜூலை 2024

அபாகஸ் பற்றி. எதிர்வீட்டுப் பையனைப் பார்த்து உங்களுக்கு ஏற்பட்ட கலக்கத்தை நானும் அனுபவித்தேன். மூத்தவளை ஏழு வயதில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்தோம். மேலே ஐந்து மதிப்புள்ள ஒரு மணி, கீழே ஒன்று மதிப்புள்ள நான்கு மணிகள் என்ற ஜப்பானிய மணிச் சட்டம். ஐந்தைத் தாங்கலாகக் கொள்ளும் அந்த அமைப்பு மிக அழகானது. அதன்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அங்கே நடந்த முறையில்தான் எனக்கு வருத்தம். ஒவ்வொரு வகுப்பிலும் நேரம் பார்த்தார்கள். நிமிடத்துக்கு எத்தனை கணக்கு என்பதைச் சுவரில் எழுதி ஒட்டினார்கள். ஏன் இந்த மணியை நகர்த்துகிறோம் என்று என் மகள் கேட்டபோது, கேள்வி கேட்டால் வேகம் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். ஒன்பது மாதத்தில் அவள் விரல்கள் காற்றிலேயே மணி நகர்த்தின. அதே மாதம் கடையில், நாற்பத்தெட்டு ரூபாய்க்குச் சாமான் வாங்கியவர் ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டியபோது, மிச்சம் எவ்வளவு என்று அறிய அவள் காற்றில் ஐம்பதை வைத்து நாற்பத்தெட்டைக் கழித்துக்கொண்டிருந்தாள். இரண்டு ரூபாய்தான் என்பது அவள் கண்ணில் படவில்லை. அதன் பிறகு ஒரு நாள் வகுப்புக்குக் கிளம்பும் நேரத்தில் வயிறு வலிக்கிறது என்றாள். மறுவாரமும் அதே நேரத்தில் வலித்தது. நிறுத்திவிட்டோம்.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் சொல்ல வேண்டும். பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் பொருள் விற்ற சிறுவர்களை வைத்து டெரெசின்யா கராஹர், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 1985இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சிறுவர்கள் ஐந்து பேர்தான். ஆனாலும் அதில் வரும் இளநீர்க் கணக்கு என் மனத்தை விட்டு அகலவில்லை. ஒரு காய் 35 குருசேரோ (அன்றைய பிரேசில் பணம்), பத்துக் காய் எவ்வளவு என்று கேட்கிறார்கள். பன்னிரண்டு வயதுச் சிறுவன், மூன்று காய் 105, இன்னொரு மூன்று சேர்ந்தால் 210, இன்னும் நான்கு வேண்டும் என்று போய், 315ஐத் தொட்டு 350க்கு வந்து சேர்கிறான். பத்தால் பெருக்கச் சுழியம் சேர்க்கும் வழி அவனுக்கு நினைவுக்கு வரவில்லை; தன்னிடம் இருந்த மூன்று காயின் விலையைக் கொண்டு வழி கட்டிக்கொண்டான். தெருவில் கேட்ட கணக்குகளில் அந்தச் சிறுவர்கள் நூற்றுக்கு 98 சரியாகச் சொன்னார்கள். அதே எண்களை வெறும் கணக்காகத் தாளில் கொடுத்தபோது நூற்றுக்கு 37 மட்டுமே சரி.

3 ஜூலை 2024

நேற்று எழுதியதில் ஒரு பதற்றம் இருப்பதை இன்று படிக்கும்போது உணர்கிறேன். அபாகஸ் கற்ற பிள்ளைகள் எல்லோரும் என் மகளைப் போல ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மணிச் சட்டத்தை வீட்டில் வைத்து, ஒவ்வொரு நகர்வுக்கும் காரணம் சொல்லிப் பழக்கினால் அது பத்தின் சோடிகளையும் ஐந்தின் சோடிகளையும் கண்ணுக்குக் காட்டும் மிக நல்ல கருவி. எங்களுடையது இப்போதும் அலமாரியில் இருக்கிறது. இளையவன் எடுத்து வைத்துக்கொள்கிறான். நேரம் பார்ப்பதை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

21 ஜூலை 2024

கழித்தலுக்குக் கடைக்காரர் வழியைச் சொல்லிக் கொடுங்கள். கடையில் யாரும் நூறிலிருந்து முப்பத்தேழைக் கடன் வாங்கிக் கழிப்பதில்லை. முப்பத்தேழு என்று சொல்லிச் சாமானை முன்னால் நகர்த்துவார்கள். ஒரு ரூபாய்க் காசை வைத்து முப்பத்தெட்டு, இரண்டு ரூபாய்க் காசை வைத்து நாற்பது, பத்து ரூபாய்த் தாளை வைத்து ஐம்பது, ஐம்பது ரூபாய்த் தாளை வைத்து நூறு என்று சொல்லி முடிப்பார்கள். அறுபத்து மூன்று என்ற சொல்லே அங்கே வருவதில்லை. ஆனால் அறுபத்து மூன்று ரூபாய் வாடிக்கையாளரின் கைக்குப் போய்விடுகிறது. கூட்டல் தெரிந்த பிள்ளைக்குக் கழித்தல் என்று தனியாக ஒன்றைக் கற்பிக்கவே தேவையில்லை. கடை இல்லாத வீட்டில் ஒரு டப்பாவில் சில்லறையும் பழைய ரசீதுகளும் இருந்தால் போதும்.

29 ஜூலை 2024

மேலே கழித்தலைக் கற்பிக்கவே தேவையில்லை என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். சென்ற வாரம் இளையவனிடம் எண்பத்திரண்டில் ஐந்து போனால் எவ்வளவு என்று கேட்டேன். அவன் ஐந்திலிருந்து பத்துக்கு ஐந்து, பத்திலிருந்து எண்பதுக்கு எழுபது, அப்புறம் இரண்டு என்று ஏறினான். ஏறும் வழியில் முதல் ஐந்தைத் தொலைத்துவிட்டு எழுபத்திரண்டு என்றான். இறங்கியிருந்தால் இரண்டே படிதான்: எண்பத்திரண்டில் இரண்டு போக எண்பது, இன்னும் மூன்று போக எழுபத்தேழு. மறுநாள் எண்பத்திரண்டில் எழுபத்தொன்பது போனால் என்று கேட்டபோது மூத்தவள் எழுபத்தொன்பதையும் கீழே இறக்கிக்கொண்டிருந்தாள். அங்கே ஏறியிருந்தால் மூன்றே அடி.

ஆகவே இரு வழியும் வேண்டும். அதைவிட, எந்த இடத்தில் ஏறுவது, எந்த இடத்தில் இறங்குவது என்று கணக்கைத் தொடங்குமுன் ஒரு கணம் நின்று பார்க்கும் பழக்கம் வேண்டும். இப்போதெல்லாம் கணக்கைச் சொன்ன பிறகு, 'விடை வேண்டாம், ஏறப் போகிறாயா இறங்கப் போகிறாயா, அதை மட்டும் சொல்' என்று கேட்கிறேன். சில நாள் விடை கேட்காமலே விட்டுவிடுகிறேன்.

30 ஜூலை 2024

கணக்கை எழுதிக் காட்டலாமா, வாயால் மட்டும் சொல்ல வேண்டுமா என்ற கேள்விக்கு: எழுதிக் காட்டுங்கள். எண்களை நினைவில் பிடித்துக்கொண்டிருப்பதிலேயே பிள்ளையின் பலம் செலவாகிவிட்டால், வழியை யோசிக்க என்ன மிஞ்சும்? கேள்வி ஸ்லேட்டில் இருக்கட்டும். வேலை மனத்தில் நடக்கட்டும். கிடைமட்டமாக எழுதுங்கள். ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினால் கை தன்னால் ஒன்றாம் இடத்துக்குப் போய்விடுகிறது.

15 ஆகஸ்ட் 2024

இது வீட்டுக்கல்விக்கே உரிய தொல்லை என்பதால் விரிவாக எழுதுகிறேன். பள்ளியில் ஒரே வயதுப் பிள்ளைகள் ஒன்றாக இருப்பார்கள். வீட்டில் ஒன்பது வயதும் ஆறு வயதும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கின்றன. இளையவனிடம் கேட்கும் கணக்குக்கெல்லாம் மூத்தவள் அவன் வாய் திறக்குமுன் விடை சொல்லிவிடுவாள். நான் அதட்டினால் உதட்டை அசைத்துக் காட்டுவாள். மூன்று மாதத்தில் இளையவன் யோசிப்பதையே விட்டுவிட்டு அக்காள் முகத்தைப் பார்க்கத் தொடங்கினான். இருவரையும் தனித்தனி நேரத்தில் உட்கார வைத்துப் பார்த்தேன். வீட்டு வேலைக்கும் கடைக்கும் நடுவில் அது நிலைக்கவில்லை.

மாற்றம் வந்தது ஒரு மின்தடை இரவில். வாசலில் உட்கார்ந்திருந்தோம், முகம் தெரியாத இருட்டு. நாற்பத்தேழும் முப்பத்தெட்டும் எண்பத்தைந்து என்று விடையை நானே சொல்லிவிட்டு, இந்த எண்பத்தைந்து எந்த வழியாக வந்தது என்று ஆளுக்கொரு வழி சொல்ல வேண்டும், ஒருவர் சொன்ன வழியை மற்றவர் சொல்லக் கூடாது என்றேன். இளையவன் நாற்பதும் முப்பதும் எழுபது என்றான். பிறகு ஏழும் எட்டும் என்று நின்று, ஏழும் ஏழும் பதினாலு, ஒன்று கூடப் பதினைந்து, எல்லாம் சேர்ந்து எண்பத்தைந்து என்றான். மூத்தவள் முப்பத்தெட்டிலிருந்து மூன்றை எடுத்து நாற்பத்தேழுக்குக் கொடுத்து, ஐம்பதும் முப்பத்தைந்தும் ஆக்கிவிட்டேன் என்றாள். இளையவன் சிறிது நேரம் பேசாமல் இருந்து, 'அப்படி எடுத்துக் கொடுக்கலாமா?' என்று கேட்டான். அவள் விளக்கினாள். விடையை முந்திச் சொல்வதால் பயன் இல்லை என்று ஆனதும், அவளுடைய வேகம் அவனுக்கு இடைஞ்சலாக இல்லாமல் போயிற்று. விளக்கு வந்த பிறகும் இருவரும் உள்ளே வரவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான்: 'எப்படிக் கண்டாய்?' தவறான விடைக்கும் அதே கேள்வி, சரியான விடைக்கும் அதே கேள்வி. சரியான விடைக்குக் கேட்காமல் விட்டால், அந்தக் கேள்வியே தவறு என்பதற்கு அடையாளமாகிவிடும்.

8 செப்டம்பர் 2024

இந்த இழையின் முதல் குறிப்பில் நான் மனப்பாடத்தைத் தள்ளிவைத்தேன். என் மாமனார் அதைக் கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்கு எண்பது வயது. அணாக் கணக்கில் படித்தவர். 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று மாறியபோது கடையில் தம் தந்தைக்குப் புதுக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அவருக்கு மாகாணி வாய்பாடு இன்றும் தெரியும். மாகாணி என்றால் பதினாறில் ஒன்று. ரூபாய்க்குப் பதினாறு அணா என்பதால் ஓர் அணா என்பது ரூபாயில் மாகாணி. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி என்ற வாய்பாட்டு நூலை வைத்துக்கொண்டு முந்திரி, காணி, மா, மாகாணி, அரைக்கால், கால் என்று பின்னங்களுக்கும் வாய்பாடு ஒப்பித்த காலத்தின் மிச்சம் அது. அரைக்கால் என்பது எட்டில் ஒன்று; முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒன்று. எழுதிப் பார்க்காமல் இத்தனை சிறிய பங்கையும் கையாண்டிருக்கிறார்கள்.

மூன்று அணாப் பொருள் இருபத்து நான்கு எடுத்தால் எவ்வளவு என்று அவரிடம் கேட்டேன். நான் எழுபத்திரண்டைப் பதினாறால் வகுக்கத் தொடங்குமுன் நாலரை ரூபாய் என்றார். எப்படிக் கண்டீர்கள் மாமா என்று கேட்டதற்கு அவர் சொன்னது: 'இரண்டணா என்பது அரைக்கால் ரூபாய், இருபத்து நாலு அரைக்கால் மூன்று. ஓரணா அதில் பாதி, ஒன்றரை. ஆக நாலரை.' வாய்பாடு அவருக்குப் பாட்டாக மட்டும் இருக்கவில்லை. பாதியும் இரட்டிப்பும் அதற்குள் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் இருபத்து நாலு அரைக்கால் மூன்று என்பதை அவர் யோசிக்கவில்லை, அது நினைவிலிருந்து வந்தது. அது நினைவில் இல்லாமலிருந்தால் மற்ற இரண்டு படிகளை எடுத்து வைக்க அவருக்கு நிலம் இருந்திருக்காது.

அதனால் என் முதல் கருத்தைத் திருத்துகிறேன். மனப்பாடம் வேண்டும். எப்போது என்பதில்தான் பேச்சு. ஆறு எட்டு நாற்பத்தெட்டு என்பதைப் பிள்ளை ஐந்து எட்டோடு இன்னோர் எட்டு என்றும், மூன்று எட்டின் இரட்டிப்பு என்றும் பலமுறை தானே கட்டிப் பார்த்த பிறகு, அது மனத்தில் ஊன்றும்படி ஒப்பிப்பது நல்லது. பத்தாம் வாய்பாடு வரை இப்படி உறுதியாக இருந்தால் பதினாறாம் வாய்பாட்டைப் பத்தும் ஆறும் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம். மூத்தவளிடம் நான் முதலிலேயே பாட்டாகக் கொடுத்தது வீண் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாட்டு இருந்ததால்தான் பிறகு அதற்குள் நுழைந்து பார்க்க அவளுக்கு வேகமாக முடிந்தது.

6 அக்டோபர் 2024

பாதியும் இரட்டிப்பும் என்றதும் நினைவுக்கு வந்தது. மாமனாரின் பழைய பித்தளை அளவைகளை எடுத்து வைத்திருக்கிறோம்: ஆழாக்கு, உழக்கு, உரி, படி. ஒவ்வொன்றும் முந்தியதைப் போல இரண்டு மடங்கு. எட்டு ஆழாக்கு ஒரு படி. இளையவன் அரிசியை அளந்து மாற்றிக்கொண்டே இருப்பான். படியில் பாதி உரி, அதில் பாதி உழக்கு, அதிலும் பாதி ஆழாக்கு என்பது கையால் தெரிந்த பிறகு, அரை, கால், அரைக்கால் என்பவற்றுக்குப் படம் வரைந்து காட்ட வேண்டியிருக்கவில்லை. மாமனார் அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று சொல்லித் தொடங்குவார். இளையவனும் இப்போது லாபம், இரண்டு, மூன்று என்றுதான் எண்ணுகிறான்.

இதன் பலன் பெருக்கலில் தெரிந்தது. பதினாறு ஐந்து எவ்வளவு என்றால், எட்டுப் பத்து, எண்பது என்கிறான். ஒன்றைப் பாதியாக்கி மற்றதை இரட்டிப்பது அளவையிலிருந்து வந்த புத்தி. நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

17 நவம்பர் 2024

பத்து வயது வரை கணக்கையே தொட வேண்டாம், எல்லாம் பிறகு தானே வரும் என்று வீட்டுக்கல்விப் பெற்றோர் சிலர் சொல்வதைப் பற்றிக் கேட்டீர்கள். இதற்கு அவர்கள் பெரும்பாலும் காட்டும் சான்று எல். பி. பெனசெட். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் மான்செஸ்டர் நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக இருந்த அவர், 1929இல் சில வகுப்புகளில் முறையான கணக்குப் பாடத்தை ஆறாம் வகுப்பு வரை தள்ளிவைத்தார். அந்தப் பிள்ளைகள் பிறகு ஓராண்டிலேயே மற்றவர்களை எட்டிப் பிடித்தார்கள் என்று 1935, 1936ஆம் ஆண்டுகளில் எழுதினார்.

எனக்கும் இந்தச் செய்தி ஒரு காலத்தில் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனால் அவர் நிறுத்தியது தாளில் செய்யும் பயிற்சிகளையும் வாய்பாட்டு ஒப்பித்தலையும்தான். அந்த வகுப்புகளில் பிள்ளைகள் நீளத்தையும் உயரத்தையும் தூரத்தையும் கண்ணால் மதிப்பிட்டார்கள், அளந்து சரிபார்த்தார்கள், மணி பார்த்தார்கள், பார்த்ததைத் தங்கள் சொற்களில் பேசினார்கள். அவற்றையும் விட்டுவிட்டுப் பெனசெட் பெயரைச் சொல்வது சரியல்ல. புத்தகத்தைத் தள்ளிவைக்கும் வீட்டில் பெற்றோருக்கு வேலை குறையாது. நாள் முழுவதும் எண்களைப் பற்றிப் பேச வேண்டியிருப்பதால் கூடத்தான் செய்யும். எங்கள் வீட்டில் மூத்தவளுக்கு ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டும் முறையை ஒன்பது வயதில்தான் காட்டினேன். இரண்டு வாரத்தில் முடிந்தது. விடை முன்கூட்டியே மனத்தில் ஏறக்குறையத் தெரிந்திருந்ததால், இடம் மாறி எழுதிய தவறுகளை அவளே கண்டுபிடித்தாள்.

12 ஜனவரி 2025

விடுமுறைக்கு வந்த உறவினர் பிள்ளைகளோடு தாயம் ஆடுகிறார்கள். ஐந்தும் ஆறும் விழுந்து மறுபடி உருட்டும்போது மொத்தத்தை நினைவில் வைத்து, இரண்டு காய்களுக்குப் பிரித்து, வெட்டு வாங்காத கட்டத்தில் போய் நிற்க வேண்டும். இளையவன் இரண்டு மணி நேரம் ஆடினான். இந்த ஒரு வாரம் நான் கணக்கு எதுவும் கேட்கவில்லை.

23 பிப்ரவரி 2025

ரெசிஃபே சிறுவர்களைப் பற்றி ஜூலையில் எழுதினேனே, அதை ஒட்டி ஒரு புதிய ஆய்வு இம்மாதம் 'நேச்சர்' இதழில் வந்திருக்கிறது. 2019இல் பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோரும் மற்ற ஆய்வாளர்களும் கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்யும் 1,400க்கும் மேற்பட்ட சிறுவர்களைப் பார்த்திருக்கிறார்கள். கிலோ இருபது ரூபாய் விலையில் 800 கிராம் உருளைக்கிழங்கும், கிலோ பதினைந்து ரூபாய் விலையில் ஒரு கிலோ நானூறு கிராம் வெங்காயமும் வாங்கி, இருநூறு ரூபாயை நீட்டினால் மிச்சம் எவ்வளவு என்பது போன்ற கணக்கு. பதினாறும் இருபத்தொன்றும் முப்பத்தேழு, மிச்சம் நூற்று அறுபத்து மூன்று. இதை வாயாலேயே செய்யும் சிறுவர்கள் புத்தகக் கணக்கில் திணறுகிறார்கள்.

ஆனால் நான் கவனிக்காமல் விட்டிருந்த மறுபாதியையும் இந்த ஆய்வு காட்டுகிறது. சந்தைக்குப் போகாத பள்ளிப் பிள்ளைகள் புத்தகக் கணக்கை ஓரளவு செய்கிறார்கள். சந்தைக் கணக்கில் அவர்கள் திணறுகிறார்கள். அதாவது ஒரு பக்கம் கற்றது மறுபக்கம் தானாகப் போவதில்லை, எந்தத் திசையிலும். கடை இருந்தால் போதும் என்ற தொனியில் நான் எழுதிய குறிப்புகளை இதோடு சேர்த்துப் படியுங்கள். சில்லறை வைத்துச் செய்த கணக்கை அன்று மாலையே ஸ்லேட்டில் 100 - 37 என்று எழுதி, கடையில் செய்தோமே, அதுதான் இது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டியிருக்கிறது. நான் இதைச் செய்யத் தொடங்கியே மூன்று வாரம்தான் ஆகிறது. முதல் நாள் இளையவன் அந்த இரண்டும் ஒரே கணக்கு என்பதை ஒப்புக்கொள்ளவில்லை.

16 மார்ச் 2025

உங்கள் மகள் எட்டும் ஐந்தும் பதின்மூன்று என்பதற்கு மூன்று வழி சொல்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். படித்து மிகவும் மகிழ்ந்தேன். என் பக்கத்துச் செய்தி ஒன்று.

நேற்றுக் கடையில் ஒரு சீட்டில் ஐம்பத்தாறும் இருபத்தேழும் இருந்தன. எண்பத்து மூன்று என்று நான் சொன்னவுடன், 'எப்படிக் கண்டாய் அம்மா?' என்று இளையவன் கேட்டான். ஒன்பது மாதமாக நான் அவனிடம் கேட்கும் கேள்வியை அவன் என்னிடம் கேட்பது அதுதான் முதல் முறை. உள்ளபடியே சொன்னேன்: ஆறும் ஏழும் பதின்மூன்று, மூன்றை வைத்துக்கொண்டு ஒன்றை ஏற்றினேன், ஐந்தும் இரண்டும் ஏழு, ஏற்றிய ஒன்றோடு எட்டு. பள்ளியில் தாளில் கற்ற முறையைத்தான் இத்தனை காலமும் மனத்துக்குள் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவன் சீட்டை வாங்கிப் பார்த்தான். 'ஐந்தும் இரண்டும் எங்கே அம்மா இருக்கிறது? இது ஐம்பதும் இருபதும்தானே?' என்றான். பிறகு சீட்டைக் கல்லாவின் மேல் வைத்து, ஐம்பதும் இருபதும் எழுபது என்று முதலிலிருந்து எனக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினான்.